இமயப் பனியாறுகளும் ஒரு பாடப்பிழையும்

ஒரே மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்ட பத்துச் சுவடிகள் பத்துச் சான்றுகள் ஆகா. அவை ஒரு சான்றே. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தோர் நன்கறிந்த இம்முறையியல் அறிவியல் அறிக்கைகளுக்கும் பொருந்தும். காலநிலை மாற்றம் குறித்து இந்தியாவில் எழுந்த பெரும் விவாதங்களுள் ஒன்று, அறிக்கையொன்றின் ஒரு பத்தியில் நேர்ந்த பாடப்பிழையை ஒட்டியே நிகழ்ந்தது.

அரசுகளுக்கிடையேயான காலநிலை மாற்றக் குழுவின் நான்காம் மதிப்பீட்டறிக்கை 2007இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் தொகுதியில், ஆசியா பற்றிய பத்தாம் இயலில், இமயப் பனியாறுகள் 2035ஆம் ஆண்டுக்குள் மறையும் வாய்ப்பு மிக அதிகம் என்று கூறப்பட்டது. அவற்றின் பரப்பு அவ்வாண்டுக்குள் 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000 ஆகச் சுருங்கும் என்பது அதனை அடுத்து வருவது. இரு கூற்றுகளும் தம்முள் முரணுகின்றன. முற்றும் மறைவது ஓர் இலட்சமாக எஞ்சுவது எங்ஙனம்? இமயப் பனியாறுகளின் உண்மைப் பரப்போ ஐந்து இலட்சத்தில் பத்தில் ஒரு பங்கும் இல்லை.

பாடத்தின் வழிமூலத்தைத் தேடினால் முரணின் காரணம் புலனாகிறது. அறிக்கை சுட்டிய ஆதாரம் உலக இயற்கை நிதியத்தின் 2005ஆம் ஆண்டு வெளியீடு. அவ்வெளியீட்டின் ஆதாரம் 1999இல் அறிவியல் இதழொன்றில் வந்த செய்தி. முதற்கூற்றின் சொல்லமைப்பு, அதே ஆண்டில் ‘டவுன் டு எர்த்’ இதழில் வந்த கட்டுரையோடு பெரிதும் ஒத்துள்ளது. பரப்பளவு எண்களோ ரஷ்ய அறிஞர் கோட்லியாகோவின் 1996ஆம் ஆண்டு அறிக்கைக்குரியவை. அவர் பேசியது துருவங்களுக்கு அப்பாற்பட்ட உலகப் பனியாறுகள் அனைத்தையும் பற்றி. குறித்த ஆண்டு 2350. இரு வேறு மூலங்கள் கலந்த கலப்புப் பாடம் இது. வரைவு நிலையிலேயே ஜப்பானிய அரசின் மதிப்பீட்டாளர்கள் இக்கூற்றின் உறுதிநிலை யாதென வினவியிருந்தனர். அவ்வினா உரிய விடை பெறவில்லை. இயற்பியல் அடிப்படைகளை ஆராய்ந்த முதல் தொகுதியில் இக்கூற்று இடம்பெறவே இல்லை என்பதும் கருதத்தக்கது.

2009 நவம்பரில் வி. கே. ரெய்னாவின் ஆய்வுரையை நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டது. இமயப் பனியாறுகளின் பின்வாங்கல் வழக்கத்திற்கு மாறானதன்று என்பது அவர் முடிவு. குழுவின் தலைவர் பச்சௌரி அதனை ஆணவக் கூற்று எனச் சாடினார். எனினும் 2010 ஜனவரி 20 அன்று அப்பத்தி போதிய சான்றின்றி எழுதப்பட்டது எனக் குழுவே ஒப்புக்கொண்டு வருந்தியது.

பதிப்பு நெறி அறிந்தோர் செய்யாத பிழைகளை இரு தரப்பாரும் செய்தனர். ஓரிடப் பாடப்பிழையைக் கொண்டு நூல் முழுவதையும் போலி என்றது ஒரு தரப்பு. பாடத்தை வினவியவரைப் பகைவராக்கியது மற்றொன்று. அன்றியும், அறிவியல் உடன்பாட்டைத் தலைகளின் எண்ணிக்கையாகவே இரு சாராரும் கண்டனர். நவோமி ஓரெஸ்கஸ் 2004இல் 928 ஆய்வுச் சுருக்கங்களை ஆராய்ந்து, உடன்பாட்டை மறுப்பது ஒன்றும் இல்லை எனக் காட்டினார். அவ்வெண் பயனுடையதே, ஆயினும் வலிமை எண்ணிலன்று. வெப்பமானிப் பதிவுகள், கடல்வெப்ப அளவீடுகள், செயற்கைக்கோள் தரவுகள், துருவப் பனியின் உள்ளகச் சான்றுகள் ஆகியன ஒன்றையொன்று பார்த்துப் படியெடுக்காதவை. 2035 என்னும் ஆண்டிற்கு இல்லாதிருந்தது இத்தற்சார்பே. இதழ், நிறுவனம், உலகக் குழு எனச் சான்றுகள் பல தோன்றினும் வேர் ஒன்றாகவே இருந்தது.

ரெய்னாவின் ஐயம் ஆண்டெண்ணைப் பொறுத்தமட்டில் சரியே. அவர் முடிவு அவ்வாறன்று. புவி வெப்ப உயர்வு 1.5 பாகைக்குள் நிறுத்தப்பட்டாலும் இந்துகுஷ் இமயப் பகுதிப் பனியாறுகளில் மூன்றிலொரு பங்கு இந்நூற்றாண்டின் இறுதிக்குள் அழியும் என்றது, காத்மாண்டுவில் இயங்கும் ஒருங்கிணைந்த மலைவள மேம்பாட்டுப் பன்னாட்டு மையத்தின் 2019ஆம் ஆண்டு மதிப்பீடு. 2011 முதல் 2020 வரையிலான இழப்பு, முந்தைய பத்தாண்டினும் 65 விழுக்காடு விரைவானது என்று அம்மையம் 2023இல் தெரிவித்தது.