பெட்டி டேவிஸின் கரகரத்த குரல்

பெட்டி டேவிஸ் 2022 பிப்ரவரியில் இறந்தபோது வெளிவந்த அஞ்சலிகளில் பல, அவரை ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் முன்னாள் மனைவி என்றே அறிமுகப்படுத்தின. 1968இல் நடந்த திருமணம் அது. அடுத்த ஆண்டே முறிந்தது. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் இசையை மைல்ஸிடம் கொண்டுசேர்த்தவர், அவரது உடையைக்கூட மாற்றியவர் என்று புகழ்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் புகழிலும் இசை ஆணுடையது. பெண் வெறும் தூண்டுகோல்.

திருமணத்திற்கு முன்பே, 1967இல், சேம்பர்ஸ் பிரதர்ஸ் குழுவுக்குப் பாடல் எழுதிக் கொடுத்தவர் பெட்டி. 1973 முதல் 1975 வரை ஆண்டுக்கொன்றாக மூன்று இசைத்தட்டுகள் வந்தன. பாடல்கள் ஏறக்குறைய எல்லாமே அவர் எழுதியவை. இரண்டாவதையும் மூன்றாவதையும் தயாரித்தவரும் அவரே. (நம் சினிமாவில் தயாரிப்பாளர் பணம் போடுபவர், அங்கே ஒலிப்பதிவுக்கூடத்தில் எது எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவுசெய்பவர்.)

சோல் பாடகியிடம் எதிர்பார்க்கப்பட்ட தேவாலயக் கனிவு அவர் குரலில் இல்லை. உறுமுகிறது, கீச்சிடுகிறது, சட்டென்று தணிந்து பேச்சாகிறது. ‘ஆன்ட்டி லவ் சாங்’ பாடலில் காதலிக்க மறுக்கும் பெண், அவன்மீது தனக்குள்ள ஈர்ப்பை மறைப்பதில்லை. தன் பிடியில் அவனும் இருப்பதைச் சொல்லிவிடுகிறாள். மறுப்பும் இச்சையும் ஒரே மூச்சில் வருகின்றன. எனக்கு இரண்டாவது தொகுப்பே மேலானது. அதன் தலைப்புப் பாடலில் தான் கேட்டு வளர்ந்த ப்ளூஸ் கலைஞர்களைப் பெயர் சொல்லி அழைத்து, தன் கரகரப்புக்கு ஒரு வம்சாவளி காட்டுகிறார். மூன்றாவதில் சில இடங்களில் கத்தல் மட்டுமே மிஞ்சுகிறது.

முதல் தொகுப்பிலிருந்த ஒரு பாடலை, கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யே எதிர்த்தது, இனத்துக்கு இழுக்காம். ஜேம்ஸ் பிரவுன் 1970இலேயே ‘செக்ஸ் மெஷின்’ பாடி வெற்றி கண்டிருந்தார். இனத்தின் மானத்தைக் காக்கும் பொறுப்பு மட்டும் பெண்ணுடலின்மேல் ஏற்றப்பட்டது.

1976இல் பதிவுசெய்த நான்காவது தொகுப்பை நிறுவனம் வெளியிடவில்லை. பின்னாளில் பெட்டி பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட்டுக்குத் திரும்பி, இசையுலகிலிருந்து விலகி வாழ்ந்தார். இதை ‘மர்ம மௌனம்’ என்று எழுதுவது சிலருக்குப் பிடிக்கிறது. பதிவுசெய்த நாடாக்கள் பெட்டியில் கிடந்ததில் என்ன மர்மம்? அத்தொகுப்பு 2009இல்தான் வெளிவந்தது. 2019இல், எழுபதைக் கடந்த வயதில், மீண்டும் ஒரு பாடல் எழுதி, இசையமைத்து, தானே தயாரித்தார். பாடியது வேறொரு பெண்.