‘நீக்கப்படும் வரை’ — குறுந்தட்டு ஒப்பந்தம் ஒன்றன் உரைநடை

உரைநடையின் தரத்தை அளந்தறியக் கதையும் கட்டுரையுமே வேண்டும் என்பதில்லை. அறிவிப்பும் ஒப்பந்தமும் உரைநடையே. கதையில் நேரும் சொற்குற்றம் படிப்பவரின் சுவையைக் கெடுக்கும். ஒப்பந்தத்தில் நேரும் சொற்குற்றமோ அவருடைய உடைமையையே கெடுக்கும்.

கணினியில் மென்பொருளை நிறுவ முனைவோர் முன், சிறிய எழுத்துகள் நிறைந்த ஒப்பந்தம் ஒன்று தோன்றுகிறது. அதன் அடியில் ‘இசைகிறேன்’ என்னும் பொத்தான் இருக்கும். ஒப்பந்தத்தைப் படிப்போர் அரியர். பொத்தானை அழுத்துவோரோ அனைவரும். இது வாங்குவோரின் சோம்பல் என்று ஒதுக்கிவிடலாமா? படித்திருந்தால்தான் அவருக்கு என்ன விளங்கியிருக்கும் என்பதும் நோக்கத்தக்கது. 2005-ஆம் ஆண்டு, சோனி பிஎம்ஜி என்னும் இசை நிறுவனம் அமெரிக்காவில் விற்ற குறுந்தட்டுகளோடு வந்த ஒப்பந்தம் இதற்குத் தக்க சான்றாகும்.

விற்பவர் தரப்பு

முதற்கண் விற்பவரின் நியாயத்தையும் கூறுதல் வேண்டும். 1999-இல் நாப்ஸ்டர் தோன்றியபின், விலை கொடாமலே பாடல்களைப் படியெடுத்துப் பகிரும் வழக்கம் பெருகியது. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய ஊதியம் குறைந்தது. தம் சரக்குக்குக் காவல் தேடுவது வணிகருக்குக் குற்றமன்று. ஆகவே எக்ஸ்சிபி என்னும் காவல் மென்பொருளை 52 இசைத்தொகுப்புகளில் அந்நிறுவனம் சேர்த்தது. தட்டைக் கணினியில் இட்டால் ஒப்பந்தம் தோன்றும். இசைந்தால் மென்பொருள் நிறுவப்படும். அதன்பின் மூன்று படிகளுக்கு மேல் எடுக்க இயலாது. இம்மட்டும் காவலே. குறை, அதனை எடுத்துரைத்த சொற்களில் இருந்தது.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் 10 எனத் தொகுத்துள்ளார். அவற்றுள் மூன்றனைக் கொண்டே இவ்வொப்பந்தத்தை அளந்துவிடலாம்.

குன்றக் கூறல்

சிறியதொரு மென்பொருள் கணினியில் நிறுவப்படும் என ஒப்பந்தம் கூறியது. அம்மென்பொருள் தன்னை மறைத்துக்கொள்ளும் என்பதை அது கூறவில்லை. விண்டோஸ் இயங்குதளத்தின் அடித்தளத்தில் புகுந்து, டாலர்க் குறி இரண்டின் நடுவே ‘சிஸ்’ என்னும் எழுத்துகளோடு தொடங்கும் பெயருடைய எக்கோப்பையும் அது கணினியின் உரிமையாளர் கண்ணுக்கே புலப்படாதபடி மறைத்தது. மார்க் ருசினோவிச் என்னும் வல்லுநர் தம் கணினியை ஆராயும்போது இதனைக் கண்டு, 2005 அக்டோபர் 31-இல் வெளியிட்டார். இத்தகைய மறைப்புக் கருவிக்கு ‘ரூட்கிட்’ என்பது பெயர்.

மறைவிடம் ஒன்று ஏற்பட்டால் அதனை அமைத்தவன் மட்டுமா பயன்படுத்துவான்? சின்னாட்களிலேயே தீய நிரல்கள் அதே எழுத்துகளைத் தம் பெயருக்கு முன்னால் இட்டுக்கொண்டு அம்மறைவில் ஒளிந்தன. காவலுக்கு என்று வந்தது கள்வர்க்குப் புகலிடம் ஆயிற்று. ஒப்பந்தம் விழுங்கிய ஒரு வாக்கியத்தின் விலை இது.

மயங்க வைத்தல்

இம்மென்பொருள், நீக்கப்படும் வரை அல்லது அழிக்கப்படும் வரை கணினியில் இருக்கும் என்பது ஒப்பந்தத்தின் கருத்து. ஆங்கில மூலத்திலும் இவை செயப்பாட்டு வினைகளே. செயப்பாட்டு வினையைக் கண்டால் ‘யாரால்?’ என்று கேட்கத் தொடக்கப்பள்ளி மாணவனும் அறிவான். நீக்கப்படும் வரை என்றால் யாரால்? உரிமையாளராலா, நிறுவனத்தாலா? வாக்கியம் வினைசெய்வோரை மறைத்தது. மென்பொருள் தன்னை மறைத்தது. இரண்டும் ஒரே பண்பின.

வாங்கியவரால் என்று பொருள்கொண்டால், அவருக்கு நீக்கும் கருவி எதுவும் தட்டோடு தரப்படவில்லை. கோப்புகளைத் தாமே தேடி அழித்தவர்க்கோ, தட்டு இயக்கியே கணினியிலிருந்து மறைந்தது. பின்னர், வேண்டுவோர் படிவம் நிரப்பிப் பெறும் நீக்குகருவி ஒன்றை நிறுவனம் அளித்தது. அதுவும் கணினியில் ஒரு வாயிலைத் திறந்து வைத்துவிட்டுச் சென்றது என்பதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஃபெல்டனும் அலெக்ஸ் ஹால்டர்மனும் அதே நவம்பரில் காட்டினர்.

மிகைபடக் கூறல்

சொல்ல வேண்டியதைச் சுருக்கிய ஒப்பந்தம், வாங்குவோரைக் கட்டுவதில் மட்டும் சொல்லைப் பெருக்கியது. மூலத்தட்டு கைவிட்டுப் போனால், கணினியில் உள்ள படியின்மீதும் உரிமை இல்லை. எனவே, வீட்டில் களவு போனால், தட்டை இழந்தவர் எஞ்சிய பாடலையும் தாமே அழிக்க வேண்டும். நாட்டை விட்டுக் குடிபெயர்ந்தாலும், கடன்பட்டு நொடித்துப்போனாலும் அவ்வாறே. ஆனால் நிறுவனத்தால் எத்துணைக் கேடு நேரினும் அதன் பொறுப்பு 5 டாலருக்கு மேற்படாது! ஒருவர் தோளில் மலையையும் மற்றவர் தோளில் மயிலிறகையும் ஏற்றும் துலாக்கோல் இது.

இசைவு எங்கே?

ஒப்பந்தம் என்னும் சொல்லுக்கு உயிர் இசைவு. அந்நிறுவனம் விற்ற வேறு சில தட்டுகளில் மீடியாமேக்ஸ் என்னும் காவல் மென்பொருள் இருந்தது. ஒப்பந்தம் திரையில் தோன்றுமுன்னரே அதன் கோப்புகள் கணினியில் பதிந்துவிட்டன. ‘மறுக்கிறேன்’ என்று அழுத்தியவரின் கணினியிலும் அவை தங்கிவிட்டன. கேட்கும் முன்பே எடுத்துக்கொண்டு, பின்னர் ‘தருகிறீரா?’ என்று வினவுவது எவ்வகை வழக்கு?

இவ்வளவும் யாருக்கு நேர்ந்தது? விலை கொடுத்து வாங்கியவருக்கு. ஐபாட் கருவியில் கேட்க விரும்பியவரும் பாடலை நேர்வழியில் அதற்கு மாற்ற இயலாது அல்லற்பட்டார். இணையத்தில் திருட்டுப் படியைப் பெற்றவருக்கோ இத்தொல்லைகளுள் ஒன்றும் இல்லை. நேர்மையாளரை ஒறுத்து நேர்மையற்றவரைத் தப்பவிட்ட காவல், காவல் ஆகுமா?

எக்ஸ்சிபி கொண்ட தட்டுகளை நிறுவனம் 2005 நவம்பரிலேயே திரும்பப் பெற முற்பட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தோடு 2007 சனவரியில் கண்ட உடன்பாட்டின்படி, பழுதுற்ற கணினியைச் சீராக்க 150 டாலர் வரை ஈடுசெய்ய ஒப்பியது. ஒப்பந்தம் ஏற்ற பொறுப்பைப்போல் 30 மடங்கு அது. உரையின் பிழைக்கு ஆணையம் எழுதிய திருத்தம் எனலாம்.

குறுந்தட்டின் காலம் பெரும்பாலும் கழிந்தது. ஆனால் ‘இசைகிறேன்’ என்னும் பொத்தான் கழியவில்லை. இன்று அது கைப்பேசிதோறும், மாணவர் கையிலும் இருக்கிறது. தமிழாசிரியர்கள் கருத்துணர்தல் பாடத்திற்குப் பகுதி தேடும்போது, இத்தகைய ஒப்பந்தம் ஒன்றன் சில வரிகளைத் தமிழாக்கி வகுப்பில் வைத்துப் பார்க்கலாம். சொல்லப்பட்டது எது? விடப்பட்டது எது? வினை உண்டு; செய்பவர் யார்? இம்மூன்று வினாக்களையும் கேட்கப் பழகிய மாணவன், பொத்தானை அழுத்துமுன் ஒரு கணம் நிற்பான். இலக்கணம் ஏட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை அந்த ஒரு கணமே அவனுக்கு உணர்த்திவிடும்.