ஆட்சி ஒப்பீட்டில் விடுபட்ட தோட்டம்

பல நாடுகளின் நிர்வாக முறைகளை அருகருகே வைத்து ஆராயும் துறை மிகப் பழையதன்று. உட்ரோ வில்சன் 1887-இல் எழுதிய கட்டுரையொன்றில், கொலைகாரன் ஒருவன் கத்தியைத் திறமையாகத் தீட்டக் கண்டால், அவன் நோக்கத்தை விட்டுவிட்டுத் தீட்டும் முறையை மட்டும் கற்றுக்கொள்ளலாம் என்ற பொருள்பட வாதித்தார். முடியரசர்களின் அலுவலக முறையைக் குடியரசொன்று கற்பதில் குற்றமில்லை என்பது அவர் கொள்கை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆசிய நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றதும் இத்துறைக்கு நற்காலம் பிறந்தது. போர்டு நிறுவனத்தின் பொருளுதவியோடு அமெரிக்கப் பேராசிரியர்கள் பலர் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இந்தியா, மலாயா எனப் புறப்பட்டனர், நூல்கள் குவிந்தன.

அவற்றுள் இரண்டு 1964-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. ராபர்ட் டில்மனின் நூல் மலாயாவைப் பற்றியது. ஆங்கிலேயர் வசமிருந்த மலாயா சிவில் சர்வீஸ் உள்நாட்டார் கைக்கு மாறிய வரலாற்றை அது பொறுமையாகச் சொல்கிறது. பிரெட் ரிக்ஸின் நூல் கோட்பாடு சார்ந்தது. மூன்றாவதாக, 1966 முதல் பிரதமர் துறையில் ஆலோசகராக இருந்த மில்டன் எஸ்மன் 1972-இல் ஒரு நூல் வெளியிட்டார். இனங்களுக்கிடையே எழும் போட்டியை அரசு நிர்வாகம் எவ்வாறு கட்டிக் காக்கிறது என்பதே அவருடைய முதற் கவலை. இம்மூவரும் நல்ல உழைப்பாளிகள். ஆயினும் இவர்கள் நூல்களைத் தோட்டத்துத் தமிழன் ஒருவன் கையிலெடுத்துத் தன் பாட்டன் வாழ்ந்த ஆட்சியைத் தேடினால், அது கிடைப்பது அரிது.

ரிக்ஸிடம் தொடங்குவதே முறை. மூவரிலும் கூர்மையானவர் அவரே. முக்கோணக் கண்ணாடிக்குள் வெள்ளொளி ஒன்றாகப் புகுந்து ஏழு நிறமாக வெளிவருகிறது. பழஞ் சமுதாயத்தில் ஒருவனே தலைவன், நீதிபதி, பூசகன், வணிகன். தொழில் வளர்ந்த நாட்டில் இவை தனித்தனித் துறைகள். இடைநிலை நாடுகளோ கண்ணாடிக்குள் இருக்கும் ஒளி போன்றவை: துறைகள் பிரிந்த தோற்றம் இருக்கும், பிரிவு முற்றுப்பெற்றிராது; சட்டம் ஒன்று சொல்லும், நடப்பு வேறாக இருக்கும். இந்த இடைநிலை அலுவலகத்துக்கு அவர் ‘சாலா’ என்று பெயரிட்டார். (தமிழரின் ‘சாலை’ நினைவுக்கு வராமற் போகாது, ஆனால் அது வேறு ஆராய்ச்சி.) ஓர் அலுவலகத்தை அது நிற்கும் சமுதாய மண்ணோடு சேர்த்தே பார்க்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தியது பெரிய தொண்டு. வரைபடத்தில் கட்டங்களை எண்ணுவதே ஒப்பீடு என்றிருந்தவர்களை அது தட்டி எழுப்பிற்று.

இக்கண்ணாடி வழியே ஜொகூரைப் பார்க்கலாம். ‘ஒப்பீட்டு நிர்வாகம்’ என்ற பெயர் பிறக்கு முன்பே ஜொகூர் அதைச் செய்துவந்தது. சுல்தான் அபூபக்கர் ஐரோப்பாவும் ஜப்பானும் துருக்கியும் சென்று அரசுகள் நடக்கும் விதத்தைக் கண்டவர். 1895 ஏப்ரல் 14-ஆம் நாள் அவர் வழங்கிய எழுத்து வடிவ அரசியற் சட்டமே மலாய் மாநிலங்களில் முதலாவது. அவருக்குப் பின் 1913-இல் உதுமானியப் பேரரசின் சிவில் சட்டத் தொகுப்பு மலாய் மொழியில் ஆக்கப்பட்டு இங்கே வந்தது. 1914-இல் ஆங்கிலப் பொது ஆலோசகரின் சொல்லைக் கேட்டு நடக்கும் கட்டாயம் ஏற்பட்ட பின்னும் ஜொகூர் தன் அதிகாரிகளைத் தானே வைத்துக்கொண்டது. இன்றும் கெடா, கிளந்தான், திரங்கானு ஆகியவற்றைப் போல ஜொகூருக்கும் தனி ஆட்சிப் பணி உண்டு.

அதே ஜொகூர் வேறொன்றும் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகும் காசுக்கட்டியும் பயிரிடச் சீனர்களை வரவழைத்து, ஆற்றோரக் காடுகளை ஒவ்வோர் ஆறாகப் பிரித்துக் ‘கங்சு’ எனப்பட்ட தலைவர்களிடம் ஆற்றுச் சீட்டு எழுதிக் கொடுத்தது. சீட்டைப் பெற்றவன் நிலத்தை மட்டும் பெறவில்லை. வரி திரட்டுதல், அபினி, சாராயம், சூதாட்ட உரிமைகள், ஒழுங்கு காத்தல் யாவும் அவன் கைக்குப் போயின. கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்ற ஊர்ப்பெயர்களில் அந்த ஆட்சி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரசு தன் அதிகாரத்தைக் குத்தகைக்கு விட்டது என்பதே இதன் பொருள். 1917-இல் இம்முறை ஒழிக்கப்பட்டது.

இங்கே ரிக்ஸின் கோட்பாடு அழகாகப் பொருந்துகிறது: ஒன்றாய்க் கலந்திருந்த அதிகாரங்கள் பிரிந்தன, பழையது போயிற்று, புதியது வந்தது. ஆனால் 1917-இல் ஜொகூரில் வேறென்ன நடந்துகொண்டிருந்தது? ரப்பர் நட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன. தோட்ட நிலப் பட்டாவில் வரி வசூலோ காவலோ எழுதப்படவில்லை. எழுதாமலே அதிகாரம் வந்து சேர்ந்தது. விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடுவது, சம்பளம், லயத்து வீடு, தண்ணீர், மருந்து, ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, கோயில் திருவிழாவுக்கு அனுமதி, பிள்ளைகளின் பள்ளி ஆகிய யாவும் துரையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டன. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே கிராணியும் தண்டலும் கங்காணியும் நின்றார்கள். தோட்டம் ஒரு முக்கிமுக்குள் தான் இருந்தது. அந்த முக்கிமுக்குப் பெங்குளு இருந்தார். அவருக்கு மேல் மாவட்ட அதிகாரி இருந்தார். அந்த ஏணியின் கடைசிப் படி தோட்டத்து வாயிலில் முடிந்துவிட்டது.

ரிக்ஸின் கோட்பாடு தடுமாறும் இடம் இதுதான். துரையின் முதலாளிகள் பழஞ் சமுதாயத்தார் அல்லர். பலர் லண்டனில் பதிவான கம்பெனிகளின் பங்குதாரர். கணக்காயர், தணிக்கையாளர், ஏஜென்சி நிறுவனம், ஆண்டறிக்கை என்று அவர்களுடைய வேலைகள் ரிக்ஸ் வியக்குமளவு பிரிந்திருந்தன. கண்ணாடியின் மறுபுறம் ஏழு நிறமாய் வெளிவந்த ஒளி அது. அதே ஒளி ஜொகூர்த் தோட்டத்து வாயிலைத் தாண்டியதும் மீண்டும் ஒன்றாய்க் குவிந்து ஒரே மனிதன் கைக்குள் அடங்கியது. இது பழமையின் எச்சமன்று, புதுமையின் விளைவு. பழமையிலிருந்து புதுமைக்கு ஒரே திசையில் செல்லும் பாதையை வரைந்துவிட்டால், இந்தக் குவிப்பை வைக்க அதில் இடமில்லை.

தொழிலாளர் இலாகா இருந்ததே என்பர் சிலர். உண்மை, அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், சில கொடுமைகள் குறைந்தன. 1923 முதல் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டும் மலாயாவில் இருந்தார். அவர் அலுவலகத்து அறிக்கைகள், தோட்ட ஆட்சியை அறிய விரும்புவோர்க்குப் பல கோட்பாட்டு நூல்களைவிடப் பயன்படும். ஆனால் அன்றைய சட்டத்தின் போக்கையே கவனிக்க வேண்டும். ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்கும் கடமையைத் தோட்டத்தின் மீது சுமத்தியது. கடமை அரசுக்கு அன்று, முதலாளிக்கு. விளைவு தெரிந்ததே: பல இடங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் வாத்தியாரானார், கொட்டகை பள்ளியாயிற்று.

இதையே மூன்று நாடுகளில் ஒப்பிட்டால்தான் ஒப்பீடு பலன் தரும். சேலம், திருச்சி மாவட்டங்களில் ஊரை விட்டுப் புறப்பட்ட குடியானவனுக்கு அங்கே கர்ணமும் மணியக்காரரும் இருந்தனர். அவர்கள் நல்லவரோ கெட்டவரோ, தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் மனுக் கொடுக்க ஒரு வழி இருந்தது. கர்ணம் பதவியே 1980-இல் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆனால் வால்பாறை மலைக்குத் தேயிலை பறிக்கப் போனவன் நிலை வேறு. 1951-ஆம் ஆண்டு இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைகள் கல்வி ஆகியவற்றைத் தோட்டத்தின் பொறுப்பில் வைத்தது. இலங்கையில் சிவில் சர்வீஸ் 1963-இல் கலைக்கப்பட்டு நிர்வாக சேவையாக மாறிற்று. அதே ஆண்டில் ஊர்த் தலைமைக்காரர் போய்க் கிராம சேவகர் வந்தார். ஒப்பீட்டாளர் கொண்டாடும் சீர்திருத்தங்கள் இவை. 1948-இல் குடியுரிமை இழந்த மலையகத் தமிழனுக்கோ, பிரதேச சபைகள் 1987-இல் ஏற்பட்ட பின்னும், தோட்டச் சாலை தனியார் சொத்தென்று சபைப் பணம் மறுக்கப்பட்டது. அச்சட்டம் திருத்தப்பட்டது 2018-இல்தான். மலேசியாவில் துன் ரசாக்கின் கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் 1960-களில் சாலையும் குழாய்த் தண்ணீரும் கொண்டுவந்தபோது, தோட்டம் தனியார் நிலம் என்ற ஒரே காரணம் அவற்றைப் பொதுவாக வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. 1966-ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டமும் கடமையை முதலாளியிடமே விட்டது.

மூன்று அரசியற் சட்டங்கள், மூன்று அதிகாரி வர்க்கங்கள். தோட்டத்து வாயிலில் மட்டும் ஒரே சட்டம். நாடுகளை அலகாக வைத்து ஒப்பிடுவோர்க்கு இந்த ஒற்றுமை தென்படாமற் போவதில் வியப்பில்லை. தலைமைச் செயலகத்தில் தமிழர் எத்தனை பேர், மலாய்க்காரர் எத்தனை பேர் என்ற கணக்கு அவர்களிடம் உண்டு. அரசாங்கம் எந்த இடத்தில் முடிகிறது என்ற கணக்கு இல்லை.

உள்நாட்டிலேயே நல்ல முயற்சி ஒன்று நடந்தது. ஆதி நாகப்பன் தலைமையில் 1965-இல் அமைந்த அரச விசாரணைக் குழு, மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்களை விரிவாக ஆராய்ந்து, தேர்தல் வழி மன்றங்கள் தொடரவேண்டும் என்று பரிந்துரைத்தது. அத்தேர்தல்கள் 1965-இலேயே நிறுத்தப்பட்டிருந்தன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன மன்றங்களை நிலைநாட்டியது. குழுவின் அறிக்கையை இன்றைய மாணவர் டில்மனோடும் எஸ்மனோடும் சேர்த்துப் படிக்கவேண்டும். அதிகாரியின் மேசையிலிருந்து பார்க்காமல், மன்றத்துக்கு வாக்களிக்கும் குடிமகனிடமிருந்து நிர்வாகத்தைப் பார்க்க அது பழக்கும்.

தோட்டப் பள்ளிகளில் இந்த வரலாறு இன்னும் முடியவில்லை. விடுதலைக்குப் பின் ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையதாயிற்று; பல பள்ளிகளின் நிலமோ கம்பெனியிடமே இருந்தது. இதனாலேயே ‘பகுதி உதவி பெறும் பள்ளி’ என்றொரு வகை நிலைத்தது. கூரை ஒழுகினால் யாரிடம் மனுக் கொடுப்பது என்ற கேள்விக்கு அந்தப் பெயரிலேயே இரண்டு விடைகள் உண்டு. ஜொகூரில் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டபோது, வேலை போனவனுக்கு வீடும் போயிற்று; பிள்ளைகள் குறைந்த பள்ளிகளின் உரிமம் நகர்ப்புறத்துக்கு மாறியது. கூலாய், குளுவாங், சிகாமட் வட்டாரங்களில் எஞ்சிய தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. அறுவடைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய வீடும் வேலை அனுமதியும் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கின்றன. அவர்கள் எந்த நாட்டு நிர்வாகத்தின் கீழ் வாழ்கிறார்கள் என்று கேட்டுத் தொடங்கும் ஒப்பீட்டு நூல், ரிக்ஸ் நிறுத்திய இடத்திலிருந்து அடுத்த அத்தியாயத்தை எழுதும்.