வேலிக்காத்தான் மீது ஒரு வழக்கு

2006-ல் கென்யாவின் பரிங்கோ பகுதி மேய்ச்சல் மக்கள் பல் கொட்டிப்போன ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே சாட்சியமாகக் கொண்டுவந்தார்கள். வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேலத்தின் இனிப்பு நெற்றைத் தின்று தின்றுதான் ஆட்டுக்கு இந்தக் கதி என்றார்கள். அவர்கள் வழக்குப் போட்டது மரத்தின் மீதல்ல. எண்பதுகளில் விறகுக்கென்று அதைக் கொண்டுவந்து நட்ட திட்டத்துக்காக அரசைத்தான் கேள்வி கேட்டார்கள்.

அதே மரம் தமிழ்நாட்டிலும் நீதிமன்றம் ஏறியது. வைகோ தொடுத்த பொதுநல வழக்கில், 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்ற உத்தரவிட்டது. பட்டா நிலத்தில் நிற்பதை உரிமையாளரே அகற்ற வேண்டும்; தவறினால் அரசு அகற்றிச் செலவை அவரிடமே வசூலிக்கும் என்று ஆனது. அரியலூரில் ஜாமீன் கேட்டு வந்தவர்களுக்கு நூறு மரங்களை அகற்றுவது நிபந்தனையாகவே விதிக்கப்பட்டது. சில மாதங்களில் சென்னையில் இன்னொரு அமர்வு அகற்றும் பணியை நிறுத்திவைத்து, நிபுணர் கருத்தைக் கேட்டது. சட்டப்படி இங்கும் எதிர்மனுதாரர் அரசுதான். ஆனால் மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் குற்றவாளி மரம் மட்டுமே. வழக்கின் பாதிக் கோளாறு இதில்தான் இருக்கிறது.

மரத்தின் மேல் சொல்லப்பட்ட புகார்களில் சிலவற்றை உடனே தள்ளிவிடலாம். காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்றார்கள். எந்த மரமும் இலை வழியே நீராவியை வெளியே விடும். இந்த மரம் மட்டும் விதிவிலக்கு என்பதற்குச் சான்று கிடையாது. மாடு மலடாகும் என்பதும் அப்படித்தான். அமெரிக்காவிலேயே இதை ஒழித்துவிட்டார்களாம். அந்நாட்டின் தென்மேற்கில் இதன் நெருங்கிய இனங்கள் மண்ணுக்குச் சொந்தமான மரங்கள்; இறைச்சி சுட அந்த விறகுக்குத் தனி மவுசே உண்டு.

அந்நிய மரம் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. ராமநாதபுரத்துக்காரர்கள் பெருமையோடு சொல்லும் முண்டு மிளகாயின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டம்தான். தக்காளி, முந்திரி, பப்பாளி எல்லாம் அதே வழியில் வந்தவை. எங்கிருந்து வந்தது என்பது குற்றமாகாது. வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் மரத்துக்குச் சாதகமாகப் பேசுவது கடினம். வேர் வெகு ஆழம் போகும். உவர் மண், வறட்சி எதுவும் அதை அசைக்காது. வெட்டினால் அடித்தூரிலிருந்து பல கிளையாகத் துளிர்த்து முன்னைவிட அடர்த்தியாகும். நெற்றைத் தின்ற ஆடு மாடுகளே சாணத்தோடும் புழுக்கையோடும் விதையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடுகின்றன. கண்மாய்க்குள் முளைத்தால் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைகிறது, வரத்துக்கால் அடைகிறது. கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் புல்வெளிக்குள் அது புகுந்ததில் மேய்ச்சல் பரப்பு சுருங்கியது. புல்லும் நாட்டுச் செடிகளும் அதன் கீழ் தலையெடுப்பதில்லை. இவை கண்ணால் காணக்கூடிய, வாயில்லாத உயிர்களுக்கு நேரும் கேடுகள். 'இயற்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்' என்று கைகட்டி நிற்பதற்கு இங்கே இடமில்லை, ஏனென்றால் இதை இங்கே கொண்டுவந்தது இயற்கை அல்ல.

கொண்டுவந்தது யார் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. 1870களில் சென்னை மாகாண வனத்துறை கேட்டு வரவழைத்த விதை அது. சுதந்திரத்துக்குப் பின்னும் வறண்ட மாவட்டங்களின் விறகுப் பஞ்சத்துக்கு மருந்தென்று அரசே பரப்பியது. அந்த நோக்கம் கெட்டதல்ல. ஓரளவு நிறைவேறவும் செய்தது. மானாவாரி பொய்த்த கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் இந்த மரம்தான் அடுப்பெரித்தது. விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்ற காசில் குடும்பங்கள் நடந்தன. விதைப்பும் அறுப்பும் இல்லாத ஆண்டிலும் வெட்டும் மூட்டமும் இருந்தன.

இதை வைத்து 'ஏழைகளின் மரம், கைவைக்காதே' என்று சிலர் வாதிடுகிறார்கள். அதையும் அப்படியே ஏற்க முடியாது. மேய்ச்சல் நிலத்தை முள் மூடிய பிறகு எஞ்சியது முள்தான். அதை வெட்டிப் பிழைத்தார்கள் என்பதால் அந்த நிலைக்கு அவர்கள் சம்மதித்தார்கள் என்று ஆகிவிடாது. கரி மூட்டத்தின் புகையிலும் வெக்கையிலும் கிடைக்கும் கூலியை வளர்ச்சி என்று கொண்டாடுவது மரத்தை அசுரன் என்று ஏசுவதைவிட மேலான அறம் அல்ல. ஆனால் பிழைப்பு மோசமானது என்பது அதை மாற்று ஏற்பாடில்லாமல் பறிப்பதற்கான உரிமையைத் தந்துவிடாது. கேடு செய்தவர் அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பதை 1996-ல் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாகவே ஏற்றது. அதே நியாயத்தைச் சீமைக்கருவேலத்துக்கும் பொருத்திப் பாருங்கள். நட்டது அரசு. அகற்றும் செலவை மட்டும் ஐந்து ஏக்கர் தரிசு வைத்திருப்பவர் தலையிலும், வருமான இழப்பை வெட்டுக்கூலி தலையிலும் கட்டுவது எந்தக் கணக்கு?

ஆகவே என் முடிவு இது. கண்மாய், ஊருணி, வரத்துக்கால், சரணாலயம் ஆகியவற்றிலிருந்து இந்த மரத்தை அகற்றுவது அரசின் கடமை. அதைத் தள்ளிப்போடவும் அரசுக்கு உரிமை இல்லை. அங்கும்கூட, ராமநாதபுரத்துப் பறவைக் கண்மாய்கள் சிலவற்றில் கொக்கும் நாரையும் இதன் மேலேயே கூடு கட்டுவதால், நாட்டுக்கருவேலம் வளரும் வரை படிப்படியாகத்தான் செய்ய முடியும். பட்டா நிலத்தில் கட்டாயம் கூடாது. செலவும் மாற்றுப் பயிருக்கான உதவியும் அரசிடமிருந்து வரும்போதுதான் அகற்றச் சொல்லும் தகுதி அரசுக்கு வருகிறது.

இதற்கு ஒரு கனமான மறுப்பு உண்டு. ஒவ்வோர் ஆண்டு தாமதமும் லட்சக்கணக்கான விதை; நஷ்டஈடு பேசி முடிப்பதற்குள் காடு இரண்டு மடங்காகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அவசரமும் நியாயமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று வைத்துக்கொள்வதால்தான் இந்த மறுப்புக்குப் பலம். தென்னாப்பிரிக்கா 1995-ல் தொடங்கிய 'வொர்க்கிங் ஃபார் வாட்டர்' திட்டம், ஊடுருவும் மரங்களை அகற்றும் வேலையையே ஏழைகளுக்கான கூலி வேலையாக்கியது. குறைகள் அதற்கும் உண்டு. ஆனால் மரத்தை வெட்டுகிறவரை எதிரியாக்காமல் மரத்தை வெட்ட முடியும் என்பதை அது காட்டியது. இங்கே பொக்லைன் ஒரு நாள் வந்து மேலே இழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது. அடுத்த மழையில் தூரிலிருந்து துளிர்க்கிறது. மறுபடி மறுபடி தூர் எடுக்க ஆள் வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் கமுதியிலேயே இருக்கிறார்கள்.

2022-ல் தமிழக அரசு ஊடுருவல் தாவரங்களுக்கென ஒரு கொள்கை வெளியிட்டது, நல்லதே. ஆனால் எந்த உதவியும் நஷ்டஈடும் பட்டாவைப் பார்த்துத்தான் போகும். மரத்தைக் குத்தகைக்கு விட்டவருக்குப் பட்டா உண்டு. வெட்டி மூட்டம் போட்டவருக்கு நிலமில்லை, ஒப்பந்தச் சீட்டும் இல்லை. முதலில் அவர் பெயர் ஏறும் பட்டியல் ஒன்றை வருவாய்த் துறை தயாரிக்கட்டும். பொக்லைன் அதற்குப் பிறகு வரட்டும்.