முத்திரை யாருக்கு?

சென்ற மாதம் திண்டிவனத்தில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கினேன். பத்து நாள் கழித்து விழுப்புரம் நண்பர் ஒருவர் தாம் வாங்கிய பெட்டியைக் காட்டினார். கம்பெனிப் பெயர் வேறு. விலை அறுபது ரூபாய் கூடுதல். இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தோம். திருகாணிக் குழியருகே, ஒரே இடத்தில், ஒரே அச்சு வடு! பிறந்த இடம் ஒன்று, சூட்டிய பெயர்தான் வேறு.

ஒருவர் செய்ததை மற்றொருவர் தம் பெயரில் விற்பது பழைய வணிக வழக்கம், அதில் குற்றமில்லை. நம் குறை சீட்டைப் பற்றியது. இரு அட்டைகளிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பளிச்சென்று இருந்தது. அதன் தலைமேல் ஐ.எஸ். 694 என்ற எண். இது பி.வி.சி. உறையிட்ட மின்கம்பிக்கான தரம். அதாவது, பெட்டியிலிருந்து வெளியே நீளும் கம்பிக்கு மட்டுமே சான்று. பிளக், சாக்கெட்டுகளுக்குரிய ஐ.எஸ். 1293 எங்கும் காணோம். வாலுக்குக் கிடைத்த சான்றைத் தலையில் ஒட்டிவிட்டார்கள்!

இது வெறும் எழுத்துக் குற்றமா? சாக்கெட்டின் உள்ளிருக்கும் உலோகத் தகடு பிளக்கின் முள்ளை இறுகப் பிடிக்க வேண்டும். தகடு மெல்லியதானால் பிடி தளரும். தொடும் இடத்தில் மின்தடை ஏறும். அது 0.2 ஓம் என்று கொள்வோம். 1500 வாட் ஹீட்டர் ராடு 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குங்கள்: சுமார் 8.5 வாட். ஒரு சிறு எல்.இ.டி. பல்பு முழுவதும் செலவிடும் ஆற்றல், பட்டாணியளவு உலோகத்தில் வெப்பமாகத் தேங்குகிறது. பிளாஸ்டிக் இளகும், கருகும். கம்பி எவ்வளவு உயர்ந்ததானாலும் இதைத் தடுக்காது.

ஐ.எஸ்.ஐ. என்பது 1947-ல் தோன்றிய இந்தியத் தர நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம். 1987-ல் அதன் பணியை இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) ஏற்றது, முத்திரை பழைய பெயரிலேயே நின்றுவிட்டது. அதன் உரிமம் குறிப்பிட்ட தொழிற்சாலையில் செய்யப்படும் குறிப்பிட்ட பொருளுக்கு உரியது. அதனால்தான் முத்திரையின் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். ஐரோப்பாவின் சி.இ. குறியோ பல பொருள்களில் உற்பத்தியாளர் தாமே செய்துகொள்ளும் உறுதிமொழி. அதையும் சிலர் சோதனைச் சான்றுபோல் பெரிதாக அச்சிடுகிறார்கள்.

என் பெட்டியிலிருந்த உரிம எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுப் பார்த்தேன். ஒரு கம்பித் தொழிற்சாலையின் பெயரும் முகவரியும் வந்தன. அட்டையிலிருந்த வணிகப்பெயர் அதில் இல்லை. நண்பரின் பெட்டியில் உரிம எண்ணே இல்லை. எண்ணைப் படிக்க எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். விற்பவர் பெயருக்கு அரை அங்குலம். செய்தவரைக் காட்டும் எண்ணுக்குக் கடுகளவு. "கம்பிக்கு மட்டும்" என்ற இரண்டு சொற்களைத் தமிழில் அச்சிட அட்டையில் இடமா இல்லை?

நண்பர் வீட்டில் ஹீட்டர் ராடு அந்தப் பெட்டியில்தான் மாட்டியிருந்தது. இப்போது அது சுவரிலுள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குப் போய்விட்டது. பெட்டியில் செல்பேசி சார்ஜர் மட்டும் இருக்கிறது.