பாடும் மீனும் பாலங் கடப்போரும்

ஓர் ஊரின் அடைமொழி அவ்வூரை அறியாதார்க்கு வாயிலாகவும், அறிந்தார்க்குத் திரையாகவும் அமைதல் உண்டு. மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேனாடு’ எனப் போற்றும் வழக்கு அத்தகையது. அதன் இனிமையை மறுப்பார் இலர். ஆயினும், அவ்வொன்றையே மொழிந்து மொழிந்து, வாவிக்கரையில் அன்றாடம் வாழும் நகரத்தை நம் இலக்கியம் காணாதொழிந்ததோ என்னும் வினா ஆராய்தற்குரியது.

பாடும் மீனின் புகழ் நெடியது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமேர்சன் ரெனன்ற் 1848 செப்ரெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். ஒல்லாந்தர் கோட்டைக்கு அண்மையில், நிலவொளியில் படகேறி அவ்வொலியைச் செவிமடுத்தார். படகின் மரத்தில் காதைப் பொருத்தியபோது ஒலி மிகுந்ததென 1859இல் வெளியான தம் நூலில் எழுதினார். மீனவர் அதனை ஊரியின் அழுகை என்று கூறியதையும் அவர் குறித்துள்ளார். விபுலானந்த அடிகளோ அவ்வொலியை நீரர மகளிரின் இசையாகக் கண்டு பாடினார். அயலார்க்கு அதிசயமாயிருந்ததை அடிகளார் தமிழ்க் கவிதை மரபினுட் கொணர்ந்தமை பெருஞ் சிறப்பேயாம்.

எனினும் ஒன்று நோக்கற்பாலது. இவ்விசை நகரம் துயின்ற பின்னரே கேட்பது. காற்றடங்கிய நிலாநாளில், துடுப்பை நீருள் இறக்கி அதன் மறுநுனியிற் செவியை வைப்பார்க்கே அது புலனாகும். ஆதலின் அதனைப் பாடும் பாட்டில் நிலவும் நீரும் நிறைந்திருக்க, ஊர்மாந்தர்க்கு இடம் அரிதாகின்றது.

விடிந்ததும் எழும் ஓசை வேறு. அது பாலங்களில் எழுவது. கோட்டையும் கடைத்தெருவும் பழைய கல்லூரிகளும் அமைந்த புளியந்தீவு, நீர் சூழ்ந்த நிலம். அதனுட் புகுவோர் பாலங் கடந்தே புகுதல் வேண்டும். கல்லடியில் 1924இல் அமைந்த லேடி மன்னிங் பாலம் ஒடுங்கியது. 2013இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்படும்வரை, ஒருபுறத்து வண்டிகள் கடந்து முடிய மறுபுறத்தன காத்து நின்றன. அடிகளார் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியதும் அப்பாலத்திற்கு அப்பால், கல்லடி உப்போடையிலேயே. நீரர மகளிரைப் பாடியவரின் கல்விப்பணி, பாலங் கடக்கும் பிள்ளைகளையும் நோக்கியிருந்தமை இதனாற் புலனாகும்.

வாவியின் மேற்கே படுவான்கரை நெல்லும் பாலும் தருகின்றது. வைத்தியசாலைக்கும் நீதிமன்றுக்கும் உயர்கல்விக்கும் நகரை நாடுகின்றது. போர்க்காலத்தில் வாவியே எல்லையாகிய ஆண்டுகளில், கரை கடந்தோர் சோதனைச் சாவடிகளில் நிரைநிரையாக நின்றனர். மண்முனைத் துறையில் 2014இல் பாலம் அமைந்த பின்னரே அவ்வழியில் ஓடத்திற்குக் காத்திருத்தல் ஒழிந்தது. காலையில் நிறைந்து மாலையில் ஒழியும் இந்நகரின் வாழ்வு, கடத்தலும் காத்திருத்தலுமாக அமைந்தது. பெருநகரில் எவரையும் அறியாது வாழலாம். சிற்றூரில் யாவரையும் அறிந்தே வாழல் வேண்டும். இத்தகைய இடைநிலை நகரிலோ, பெயரறியாத போதும் முகமறிந்தோர் பலர். அவ்வுறவு மிகப் பெரிதுமன்று, புறக்கணிக்கத்தக்கதுமன்று.

இவ்வாழ்வு பாடப்படாமைக்குக் காரணம் யாது? மதுரைக்காஞ்சியும் பட்டினப்பாலையும் பெருநகர்களைப் பாடின. கம்பனின் நகரப்படலம் அரசிருக்கையைப் பாடிற்று. சிற்றூர் வாழ்வு நாட்டார் பாடலில் நிலைத்தது. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ அச்செல்வத்தைத் தொகுத்துக் காத்த அரிய நூல். பெருநகர்க்கும் சிற்றூர்க்கும் முன்மாதிரி உளது. இடைப்பட்ட நகர்க்கு எளிதிற் கிட்டுவதில்லை. ஆயினும் மரபின்மேற் பழி சுமத்துதல் பொருந்தாது. திணைகள் தம்முள் மயங்குதலைத் தொல்காப்பியம் விலக்கவில்லை. நெய்தலும் மருதமும் கைகோக்கும் இவ்வாவிக்கரைக்கு அவ்விதியே போதிய இடந்தருவது.

நகர வாழ்வு சிறு செய்திகளால் ஆயது, பாடுபொருளாகும் தகுதி அதற்கில்லை என்பாரும் உளர். அவர்க்கு 1978 நவம்பர் சூறாவளியும் 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் விடை கூறும். நாவலடியிலும் டச்பாரிலும் கடல் கொண்ட வீடுகளில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வேலியருகே நின்று எதனைப் பேசினர் என்பவற்றை இன்று எத்தனை ஏடுகளிலிருந்து அறியலாகும்? பாடப்பட்ட நிலவு அழியவில்லை. பாடப்படாத தெருக்களே அழிந்தன.

ஆகவே மட்டக்களப்பைப் பற்றிக் கட்டுரை வரையும் மாணவன் மீனையும் நிலவையும் விலக்குதல் வேண்டா. அவற்றை எழுதிய பின், தான் நாள்தோறும் கடக்கும் பாலத்தையும், அங்கு எதிர்ப்படும் முகங்களையும் எழுதுவானாயின், அடைமொழிக்குரிய ஊரும் அதனோடு நிலைபெறும்.