வீட்டுக்கே சூளை வைத்தவர்

சுடாத செங்கல்லால் வீடு கட்டி, உள்ளே இன்னும் ஆயிரக்கணக்கில் பச்சைக்கல்லை அடுக்கி, வாசலை அடைத்துத் தீ மூட்டினால்? 1980களில் புதுச்சேரிப் பக்கம் ரே மீக்கர் அதைத்தான் செய்தார். வீடே சூளை. நாள்கணக்கில் எரியும் நெருப்பு சுவரையும் வளைவுக் கூரையையும் சுட்டெடுக்கும். உள்ளே வெந்த கல்லை விற்றால் விறகுச் செலவில் கொஞ்சம் தேறும் என்பது கணக்கு. சுவரின் உட்புறம் வெந்த அளவுக்கு வெளிப்புறம் வேகாது, விறகும் ஏகமாகத் தின்னும். மலிவு வீடாக அது ஊரெங்கும் பரவவில்லை. பரவாததால் குறைந்த முயற்சி என்று நான் சொல்லமாட்டேன்.

அமெரிக்கரான மீக்கர் கட்டடக்கலையும் படித்தவர், மட்பாண்டக் கலையும் படித்தவர். ஜப்பானில் மண்வேலை பயின்ற டெபோரா ஸ்மித்துடன் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார். அங்கே சவுக்கு விறகுச் சூளையில் வெந்த தட்டும் கோப்பையும் ஒருபுறம், மாணவர்கள் ஒருபுறம். இன்று இந்தியாவில் பெயர் சொல்லும் பீங்கான் கலைஞர்கள் பலர் அந்தப் பட்டறையில் சேறு மிதித்தவர்கள்தாம்.

வீடு சுடுவதை விட்டபின் அவர் ஆளுயரத்தையும் தாண்டும் சுடுமண் சிற்பங்களுக்கு வந்தார். கட்டடக்காரரின் கை அவற்றில் தெரிகிறது: சுவர், வளைவு, வாசல். அழகுக்காக ஒட்டவைத்தது என்று எதுவும் என் கண்ணில் படவில்லை.